மாப்பிள்ளை போட்ட டீ

எங்கள் வீட்டில் டீ என்றால் அது தூள். கொதிக்கிற பாலில் இரண்டு கரண்டி போட்டு, அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, நல்ல செம்மண் நிறத்தில் வடிகட்டினால்தான் அதற்குப் பெயர் டீ. தேயிலையை இலையாகவே நான் முதலில் பார்த்தது, என் சித்தியைப் பெண் பார்க்க வந்த சமயத்தில்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் போன பிறகு திருமுல்லைவாயிலில் எங்களோடுதான் இருந்தாள். அம்பத்தூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் தையல் சரிபார்க்கிற வேலை. ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் வந்து, கேசரியைப் பாராட்டிச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவது இடம் வந்தபோது சித்தி அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: இதுதான் கடைசி, இதுவும் ஆகாவிட்டால் இனி யார் முன்னாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன். அப்படிச் சொன்னவள், இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் கைப்பையில் ரயில் பாஸுக்குப் பின்னால் வைத்திருந்தாள். பேனா தேடப் போய் நான் அதைப் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. ரகசியம் காப்பதில் பெரிய மனுஷி என்ற நினைப்பு.

மாப்பிள்ளை வீடு முத்தாபுதுப்பேட்டை. அவருக்கு வேலை கோத்தகிரிப் பக்கம், ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இல்லாமல் தேயிலை வளர்க்கிற ஒரு சின்னத் தோட்டத்தில். காலையில் நாற்பது கிண்ணங்களில் டீயை வரிசையாக வைப்பார்களாம். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சி, ருசி பார்த்து, வாளியில் துப்பிவிட வேண்டுமாம். தரகர் இதை விளக்கியபோது என் பெரியப்பா வெகுநேரம் யோசித்தார். அவர் அப்பாவின் அண்ணன். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் தலைமை தாங்குகிறவர்.

"துப்பறதுக்கா சம்பளம் குடுக்கறாங்கோ? மெட்ராஸ்ல பாதிப் பேரு சும்மாவே துப்பிகினு கீறான்" என்றார்.

முந்தின வாரமே மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்தால், காய்ந்து சுருண்ட கறிவேப்பிலை போலக் கறுப்பு இலைகள். நடுநடுவே வெள்ளி நிறத்தில் மொட்டுகள். முகர்ந்தால் தேனும் ஏதோ பூவும் கலந்த மாதிரி வாசனை. இதற்குப் பால் ஊற்றக் கூடாது, கொதித்த தண்ணீரில் போட்டு மூடினால் போதும் என்று தரகர் சொன்னதை அம்மா நம்பவில்லை. எங்கள் தெருவில் பால் இல்லாத டீ காய்ச்சல்காரர்களுக்கும் துக்க வீட்டுக்கும்தான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அதைக் கொடுத்தால், ஒரு பாக்கெட் பாலுக்கு வழியில்லாத வீடு என்று நினைத்துக்கொண்டு போவார்களாம். அவர்கள் அனுப்பிய இலையிலேயே டீ போட்டுக் கொடுத்து அசத்த வேண்டும், ஆனால் பாலோடு. இதுதான் அம்மாவின் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அம்மா பாலைக் கொதிக்கவிட்டு இலையைப் போட்டாள். நிறம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். பால் பாலாகவே இருந்தது. "இன்னாடி இது, கலரே வரமாட்டேங்குது" என்று என்னைப் பார்த்தாள். வழி கண்டுபிடித்தது நான்தான். தூளாக இல்லாததுதானே குறை? மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் தூள். அம்மா என்னை மெச்சிய மிகச் சில தருணங்களில் அது ஒன்று. கைக்குக் கிடைத்த சின்ன ஜாரில் நானே போட்டு அரைத்தேன். காலையில் இட்லிக்குப் பூண்டுச் சட்னி அரைத்த ஜார் அது. கழுவித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் பிளேடுக்கு அடியில் குடியிருக்கும் பூண்டு அவ்வளவு சுலபத்தில் காலி செய்யாது.

சித்தி டீ டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். மாப்பிள்ளை டம்ளரை வாங்கி, தொழில் பழக்கத்தில், ஹாலே அதிரும்படி 'ஸ்ர்ர்' என்று உறிஞ்சினார். பெரியப்பா பேச்சை நிறுத்தினார். மாப்பிள்ளையின் கன்னம் உப்பியபடி நின்றது. கண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. வாளியைத் தேடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் ஹாலில் வாளி இல்லை. கடைசியில் விழுங்கினார். அவருடைய அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தவர், திரும்ப எடுக்கவில்லை.

சித்தியின் முகம் செத்துப்போயிற்று. அரைத்தது நான். இந்த இடமும் போனால் அது என்னால்தான். கைப்பைக்குள் இருந்த போட்டோவை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளைதான் பேசினார். "எப்டி போடணும்னு எழுதி அனுப்பியிருக்கணும், எங்க மேலதான் தப்பு. கொஞ்சம் எல மிச்சம் கீதுங்களா? தப்பா நெனைக்கலன்னா நானே போட்டுத் தரேன்."

பெண் பார்க்க வந்தவன் அடுப்படிக்குள் நுழைவதாவது. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார், அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா ஃபேனைப் பார்த்தாள். போய்விட்டு வரட்டும், இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. பாத்திரம் எடுத்துக் கொடுக்கச் சித்தி போக வேண்டும். இருவரையும் தனியே விட முடியாது என்பதால் காவலுக்கு நான்.

அவர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மிச்சமிருந்த இலையைத் தூவி, ஒரு தட்டால் மூடினார். மூன்று நிமிஷம்தான், அதற்கு மேல் விட்டால் கசந்துவிடும் என்று என்னிடம் சொன்னார். ஹால் கடிகாரம் அங்கிருந்தே தெரியும். இன்னொரு தப்பு நடக்க விடுவதில்லை என்று நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இலைக்கு எப்படி இவ்வளவு வாசனை என்று சித்தி கேட்டாள். மார்கழிக் குளிரில் பறித்தது என்றார் அவர். அந்தக் குளிரில் செடி மெதுவாக வளர்வதால் வாசனை இலைக்குள்ளேயே கெட்டிப்படுமாம். மருந்து அடிக்காததால் பூச்சி கடிக்கும், ஆனால் கடிபட்ட இலையில்தான் சில சமயம் தேன் வாசனை கூடுமாம். மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள்.

"நாப்பது கப்புல ஒண்ணுகூடவா முழுங்கத் தோணாது?" என்றாள் சித்தி.

"புடிச்சிருந்தா முழுங்கிடுவேன்."

"இன்னிக்கு முழுங்கினீங்களே?"

"துப்ப எடம் கெடைக்கல."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியாள் முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அண்ணனூர் ஷெட்டுக்குப் போகிற காலி ரயில் ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தண்டவாளத்தில் ஊர்ந்து போய் முடிந்தது. ஏழு நிமிஷம். சித்தி தன் கம்பெனிக் கதையை ஆரம்பித்தாள். நான் அவள் முந்தானையை இழுத்தேன், என் கையை மெதுவாக விலக்கிவிட்டாள். பத்து நிமிஷம். அவர் கை தட்டின் மேலேயே இருந்தது, எடுக்கத்தான் இல்லை. பதினைந்தாவது நிமிஷத்தில் ஹாலில் அம்மா இருமிய பிறகுதான் தட்டு திறந்தது.

டீ வேப்பங்காயாகக் கசந்தது. கஷாயம் நன்றாக இருக்கிறது என்றார் பெரியப்பா. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மீதியையும் மெதுவாகக் குடித்து முடித்து, நல்ல நாள் எப்போது பார்க்கலாம் என்று அம்மாவிடம் கேட்டார். சித்தி ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அவர்கள் போன கையோடு அம்மாவிடம் போய், இந்த மாமாவுக்குத் தன் வேலையே தெரியவில்லை, சீக்கிரமே தோட்டத்தைவிட்டுத் துரத்தப்போகிறார்கள், சித்தி பாவம் என்றேன். அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். கல்யாணம் ஆகிச் சில வருஷம் வரை, டீ பேச்சு வந்தாலே, சித்தப்பாவுக்கு மணி பார்க்கத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் அவர் மானத்தை வாங்கினேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. சித்திதான் எழுந்து உள்ளே போய்விடுவாள்; புருஷனைக் கேலி செய்வது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மூன்றாவது நிமிஷத்தில் தட்டைத் திறந்திருந்தால் அவர் ஹாலுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.