ஏழாம் அறைக்கு மைக்கு போட்ட சத்தம்

மைக்கு ஒரு குரல் கொடுத்தால், சுவரில் சாய்ந்து தூங்கும் நோயாளி மட்டுமல்ல, பிணவறையில் படுத்திருப்பவரும் "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து உட்காருவார். சரி, பிணவறை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எதிரே பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்த பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தது உண்மை. பாதியாவது உண்மை.

வெளிநோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று அனுப்பிவைப்பது அவர் வேலை. ஒலிபெருக்கி வாங்குவதாக இருந்த நிர்வாகம், இந்தத் தொண்டை இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டது. மைக்கு என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வந்து தலைகாட்டும்.

அவர் சேர்ந்த காலத்தில் போதைப் பிரிவு பின்பக்கம், பூட்டுப் போட்ட கம்பிக் கதவுக்கு அப்பால் இருந்தது. வருவதெல்லாம் குடி. வருகிறவர்களெல்லாம் நரைத்த தலைகள். ஒரு கையைப் பெண்டாட்டியும் மறுகையை மச்சானும் பிடித்து இழுத்துவருவார்கள். "தண்ணி வண்டியெல்லாம் பின்னால போங்க! ஒண்ணோட ஒண்ணு மோதாம போங்க!" என்று மைக்கு முழங்குவார். கூடமே கொல்லென்று சிரிக்கும்.

சொந்தக்காரர்கள் கூடினாலும் அதே கச்சேரிதான். குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் பந்தி முடிந்ததும் மைக்கைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். கம்பிக் கதவிடம் வழி கேட்டவன், டாக்டர் காலென்று நினைத்து மேசைக்காலைக் கட்டிக்கொண்டு அழுதவன் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவார். தங்கை மகன் அப்போது சின்னப் பையன். "மாமா, அந்த மேசைக்கால் ஆளு! இன்னொரு வாட்டி!" என்று அவர் மடியில் உருண்டு உருண்டு சிரிப்பான்.

போகப் போக மாநிலம் முழுக்கவே ஆள் மாறியது, போதை மாறியது, வைத்தியமும் மாறியது. நரைத்த தலைகளுக்கு நடுவில் மீசை சரியாக முளைக்காத பயல்கள் தெரிய ஆரம்பித்தார்கள். வலி மாத்திரையை விட முடியாதவர்கள், ஊசிக்குப் பழகியவர்கள், முகத்தை மூடிக்கொண்டு வந்த இளம்பெண்கள். பூட்டிவைத்துப் பயனில்லை என்று கம்பிக் கதவைக் கழற்றிப் போட்டார்கள். பெரிய ஊர்களில் மட்டும் இருந்த, போதை ஏக்கத்தை அடக்கும் மாத்திரை தருகிற மருந்து ஜன்னல் சின்ன ஊர்களுக்கும் வந்தது. தினமும் வந்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, நர்ஸ் அக்காவின் கண்முன் அது கரையும்வரை பேசாமல் உட்கார்ந்துவிட்டு, நேரே வேலைக்குப் போய்விடலாம். இந்த ஆஸ்பத்திரியில் அந்த ஜன்னல் ஏழாம் அறையில் இருந்தது.

புதிதாக வந்த டாக்டரம்மா மைக்கைக் கூப்பிட்டார். "அண்ணே, இனிமே குடி, போதைன்னு எதையும் சத்தமாச் சொல்லாதீங்க. ஏழாம் ரூம்னு மட்டும் சொல்லுங்க. வந்தவங்களுக்குப் பல்வலியா வேற வலியான்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அப்ப என் தொண்டைக்கு என்னம்மா வேலை?" என்று முனகினாலும் மைக்கு சொன்னபடியே செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை மகனும் மாட்டியிருந்தான். லேத் பட்டறையில் முதுகு பிடித்துக்கொண்டதற்கென்று ஆரம்பித்த மாத்திரை, முதுகு சரியான பிறகும் அவனை விடவில்லை. "நீ சொன்னா கேப்பாண்ணே, எப்படியாவது உங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று தங்கை போனில் அழுவாள். மைக்கு போய்க் கூப்பிடும்போதெல்லாம் அவன், "எனக்கு ஒண்ணுமில்ல மாமா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலையில் தானாகவே வந்தான். யாருக்கும் சொல்லவில்லை. ஏழாம் அறை வரிசையின் கடைசியில், தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான். ஆனால் தூக்கி வளர்த்த மாமனுக்கு அந்தத் தோளின் சாய்வு தெரியாதா? மைக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரம்மா சொன்னது மறந்துபோனது. தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"அடேய் மாப்ள! வந்துட்டியா! ஏழாம் ரூம் மருந்துக்குத்தானே? ஏன்டா கடைசில நிக்கிற? முன்னால வாடா, மாமன் எதுக்கு இருக்கேன்!"

அவருக்கு வாயெல்லாம் பல். கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஹெல்மெட் அவரைப் பார்த்தது. பிறகு வாசலைப் பார்த்து நடந்தது. மைக்கு வெளியே ஓடிவந்தபோது பைக்கின் புகைதான் மிச்சம்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அவரா வந்தாரேண்ணே" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

அதன்பின் பட்டறை வேலை போனது. பைக்கும் போனது. ஒரு மழைநாளில் அவன் மாத்திரை அளவு மீறிப்போய், குளியலறைத் தரையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். பக்கத்து வீட்டு ஆட்டோ சமயத்துக்குக் கிடைத்ததால் பிழைத்தான். தேறி எழுந்ததும், தூரத்து ஊர் ஒன்றில் இருந்த மருந்து ஜன்னலுக்கு இரண்டு பஸ் மாறிப் போக ஆரம்பித்தான். பாதி நாள் பஸ்ஸிலேயே கழிகிறவனை எந்தப் பட்டறையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. பஸ் தவறினால் அன்றைய மருந்தும் தவறும். அந்த மாதிரி ஒரு நாளில் மறுபடி சறுக்கவும் செய்தான்.

மைக்கு இப்போது எண் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். யாராவது பேச்சுக் கொடுத்தால்கூடத் தலையைத்தான் ஆட்டுகிறார்.

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மருமகன் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் ஓட்ட வண்டியில்லாத ஹெல்மெட் தொங்கியது.

"மாப்ள, எங்க ஜன்னலுக்கே வந்துடேன்" என்றார் மைக்கு, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில். "இப்பல்லாம் நான் வாயைத் திறக்கறதே கொட்டாவிக்குத்தான். அன்னிக்கு இந்தப் பாழாப்போன தொண்டைதான் உன்னை விரட்டிருச்சு. கூடமே திரும்பிப் பாத்துச்சே."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே இல்லையென்று தலையை ஆட்டினான்.

"கூடத்துல இருந்தவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது மாமா. ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சியும் தெரிஞ்சிருக்காது. உங்க சத்தம் எனக்குப் பழகினதுதான். நீங்க சிரிச்சீங்க பாருங்க, அப்பத்தான் அந்த மேசைக்கால் ஆளு ஞாபகத்துக்கு வந்தான். அடுத்த விசேஷத்துல நான்தான் கதைன்னு நெனச்சேன்."