அடுப்புச் சாம்பலில் ஊற்றிய பால்

தேவதானத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில், இருநூறு வருஷத்துக்கும் முந்தி, வெள்ளைக்காரக் கும்பினிப் பட்டாளம் கூடாரம் அடித்துத் தங்கியிருந்ததாம். கல்லூரிக்காரர்கள் அதைத் தோண்டிப் பார்க்க ஆள் கேட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து நானும் போனேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாரோடும் அதிகம் பேச வேண்டியிராத அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மண்ணைச் சுரண்டிச் சல்லடையில் சலிப்போம். ஈயக்குண்டு, பித்தளைப் பொத்தான், உடைந்த புகைச் சுங்கான் இப்படி ஏதாவது வரும்.

ஒரு நாள் வட்டமாகக் கறுத்த மண் தெரிந்தது. மேற்பார்வை பார்த்த பெண்ணை நாங்கள் மேடம் என்போம். பாதியை மட்டும் தோண்டி, மறுபாதியைத் தொடாமல் விடச் சொன்னார். சாம்பலும் கருகிய எலும்பும் வந்தன, கூடவே ஒரு பொத்தான். யாரையோ எரித்த இடம் என்று நினைத்து, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றோம்.

என்னோடு சல்லடை பிடித்த மகாராஜபுரத்து அக்காவின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். பனிச்சரிவில் போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை. பால் தெளிக்க வீட்டாருக்குச் சாம்பல்கூட இல்லை. மத்தியானம் மேடம் சாப்பிடப் போனதும், அக்கா டீக்கு வைத்திருந்த பாலைக் கொண்டுவந்து அந்தச் சாம்பலில் ஊற்றினார். யாரும் தடுக்கவில்லை. நானும் கும்பிட்டேன்.

திரும்பி வந்த மேடத்துக்கு முகமே செத்துவிட்டது. பட்டாளத்தார் என்ன சமைத்தார்கள் என்று அறிய, அந்தச் சாம்பலைத்தான் பரிசோதனைக்கு அனுப்ப இருந்தாராம். பால் பட்டதால் இனி அது உதவாதாம். இது அடுப்பு, இது ஆட்டு விலா எலும்பு என்று எடுத்துக் காட்டினார். கூட நின்ற ஒருவர், "ஏட்டி, கிடாக்கறிக்கா பால் ஊத்துன?" என்று கேலி செய்தார். சிலர் சிரித்தார்கள். மேடத்துக்கும் மேலே இருந்த கல்லூரிப் பெரிய சாருக்குத் தெரிந்தால் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா தலை நிமிராமல் சொன்னார்: "ஆடாவே இருக்கட்டும் தாயி. தின்னுட்டுப் போனவுகளும் செத்துத்தான போயிருப்பாக. அவுகளுக்கு யாரு வந்து ஊத்துனா?"

மேடம் நனைந்த பாதியைத் தார்ப்பாயால் மூடினார்.

மறுநாள் காலையில் அக்கா குழிக்குள் இறங்காமல் வரப்பிலேயே நின்றார். மேடம் தொடாமல் விட்டிருந்த பாதியின் ஓரத்தில் உட்கார்ந்து, பரிசோதனைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். மண் சுரண்டும் கரண்டியையும் பிரஷ்ஷையும் அக்காவிடம் நீட்டினார்.

"இதுக்கும் பால் ஊத்துவீங்களாக்கா?"

"இல்ல தாயி. ஒருக்காத்தான் ஊத்துவோம்."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். நான் சல்லடையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.