சுப்பன் புதைத்த காசு

பிள்ளைப்பாக்கம் சுப்பன் இருபது வருஷமாகக் கிணறு வெட்டுகிறவர். 1991-இல், பழைய போர்க்களம் ஒன்றைத் தோண்டிப் பார்க்க வந்த பேராசிரியரிடம், கூலி வேண்டாமென்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். பூசை போடாமல் மண்ணைத் தொடுவது சுப்பனுக்கு ஆகாது. பேராசிரியருக்கோ பூசையே ஆகாது. அதனால் முதல் நாள் விடிகாலையில் தனியாக வந்து கற்பூரம் ஏற்றி, தோண்டவேண்டிய இடத்தில், வழக்கப்படி ஒரு செப்புக்காசைப் புதைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் பேராசிரியர் அதைத் தூரிகையால் துடைத்தெடுத்து, நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

"அது நான் வெச்சது சார்" என்றார் சுப்பன்.

பேராசிரியர் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். "உங்களுக்கு ஏது இந்தக் காசு?"

"போன வருசம் இதே எடத்துல ஏர் ஓட்டசொல்ல கெடச்சுது."

"எவ்வளவு ஆழத்துல?"

"ஒரு சாண். அதே ஆழத்துலதான் திருப்பி வெச்சேன்."

பேராசிரியர் குனிந்து, கிழித்த தாளைத் தேடினார்.