செலின் அழித்த பதிவேடு

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் செலின் 1988-ல் ஜாப் டைப்பிங் கடை திறந்தாள். அதற்கு முன் ஒன்பது வருஷம் ஆவடியில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவள். கணவர் பாஸ்கல் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒன்று பழசு, ஒன்று கொஞ்சம் புதுசு. இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

பார்ப்பதற்கு எல்லா பிளாப்பியும் ஒரே கறுப்புச் சதுரம்தான். ஆனால் பழைய மெஷின் அதில் நாற்பது வட்டம் போட்டு எழுதும், புதியது எண்பது. வீட்டு டி.வி.யோடு இணைத்து ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு வழக்கம் வைத்திருந்தன. ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்காது. எந்த மெஷினுக்கு எப்படி பார்மட் பண்ண வேண்டும், அதாவது இருப்பதையெல்லாம் அழித்து அந்த மெஷினுக்கு உரிய வட்டம் போட வேண்டும் என்பதைச் செலின் தட்டுத்தடுமாறித் தானாகவே கற்றுக்கொண்டாள். புதிய மெஷினில் எழுதிய பிளாப்பியைப் பழையது படிக்க வேண்டுமென்றால், அது அதுவரை யாரும் தொடாத புது பிளாப்பியாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபடவே அவளுக்கு ஆறு மாதம் ஆனது. பூந்தமல்லி, சென்னீர்குப்பத்திலிருந்தெல்லாம் ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

1991-ல் சேக்காட்டிலிருந்து ஜெகதாம்பாள் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பாக்டரி குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரியில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து, வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். எந்தக் குழந்தை என்றைக்கு, எத்தனை மணிக்குப் பிறந்தது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வேலைக்கு மனுப் போட என்று இன்னமும் யாராவது வந்து தேதி கேட்பார்கள். சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டரில், ரிட்டயரான பிறகு இரண்டு வருஷம் உட்கார்ந்து ஆயிரத்து இருநூற்றாறு பிறப்பையும் ஏற்றியிருந்தார். பிரிண்டர் மட்டும் இல்லை.

"இது என் மெஷின்ல எழுதினது, ஆயிரத்து இருநூத்தாறு பிறப்பும் இதுலதான் இருக்கு. மாதிரிக்குக் கொண்டாந்தேன். இது புதுசு. இதை உன் மெஷினுக்கு ஏத்தாப்ல பண்ணிக் குடும்மா. நான் வீட்ல காப்பி பண்ணி எடுத்தாறேன், நீ பிரிண்ட் போட்டுடு" என்றார்.

செலின் இரண்டையும் உறையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். அதற்குள் வேறொருவர் அவசரமாக ஒரு டெண்டர் தாளோடு மாடியேறி வந்தார். அதை முடித்துவிட்டுத் திரும்பி ஒரு பிளாப்பியை எடுத்துச் செருகினாள். படிக்க முடியவில்லை என்றது மெஷின். புதுசு, அப்படித்தான் சொல்லும் என்று நினைத்து பார்மட் பண்ணிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜெகதாம்பாள் வந்து நின்றார். "ரெண்டுலயும் ஒண்ணுமே இல்லேங்குதும்மா."

பிளாப்பியைக் கையில் வாங்கியதுமே செலினுக்கு விளங்கிவிட்டது. பூஞ்சை பிடித்துவிட்டது, வெயிலில் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தினமும் நடப்பதுதான், யாரும் நம்புவார்கள். சொல்ல வாயெடுத்ததாகப் பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள்.

"சிஸ்டர், நான்தான் மாத்திப் போட்டு அழிச்சுட்டேன். வேற காப்பி இருக்கா?"

"இல்லை." ஜெகதாம்பாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நோட்டெல்லாம் கரையான் பிடிச்சிருந்தது. அதான் இதுல ஏத்தியாச்சேன்னு பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டேன்." திட்டவில்லை. எழுந்து போய்விட்டார்.

அன்று வீட்டில் செலின் சாப்பிடவில்லை. "மன்னிப்புதான் கேட்டுட்டியே, வுடு" என்றார் பாஸ்கல்.

"மன்னிப்புக் கேட்டா தேதி திரும்ப வருமா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒரு நீள நோட்டோடு சேக்காட்டுக்குப் போனாள். ஜெகதாம்பாள் கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கிற வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்கலாம் சிஸ்டர். நான் எழுதுறேன்."

"எத்தனை வீடு தெரியுமா உனக்கு?"

"பிறப்பு ஆயிரத்து இருநூத்தாறு."

ஜெகதாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நடந்தார்கள். தேதி தெரிந்த தாய்மார்கள் குறைவு. ஆனால் வேறு எல்லாம் நினைவிருந்தது. குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கும் குப்பம்மா, "இன்னா தேதின்னு கேட்டா எனுக்கு இன்னா தெரியும்? ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளு. எங்க ஊட்டுக்காரரு நைட்டு சிப்டுக்குப் போய்கினு கீறாரு, பாக்டரி சங்கு ஊதுது, புள்ள அழுவுது. இந்தம்மாதான் தூக்கிக் காட்டுச்சு" என்றாள். பிள்ளையின் வயதை வைத்து, கோயில் குருக்கள் வீட்டில் இருந்த பழைய பஞ்சாங்கங்களை வாங்கிவந்து செலின் தேதியைக் கண்டுபிடித்தாள். ஜெகதாம்பாளுக்கோ குழந்தைகளே நினைவிருந்தன. கொடி சுற்றியது, கால் முதலில் வந்தது, அழாமல் பயமுறுத்தியது. இரண்டு பேர் நினைவும் ஒட்டினால் ஒரு வரி கிடைக்கும்.

நாலாவது மாதம் ஒரு வெல்டரின் மனைவி கஸ்தூரியின் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பிள்ளைகளின் விவரம் சொன்னாள். செலின் நோட்டை மூடப்போனாள்.

"முதல்ல ஒண்ணு இருந்துது" என்றாள் கஸ்தூரி. "ரெண்டு நாள்தான். அதையும் எழுதுவீங்களா?"

செலின் ஜெகதாம்பாளைப் பார்த்தாள். இறந்துபோன குழந்தைகளுக்காக யாரும் தேதி கேட்டு வரப்போவதில்லை என்று, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஜெகதாம்பாள் அவர்களை விட்டுவிட்டிருந்தார். அது செலினுக்குத் தெரியாது.

"எழுது" என்றார் ஜெகதாம்பாள். "பேர் வெச்சியாடி?"

"வடிவுன்னு கூப்பிட்டேன். வேற யாருக்கும் தெரியாது."

தெருவுக்கு வந்ததும் ஜெகதாம்பாள் நின்றார். "இவளோடதை நான் நோட்டுல எழுதியிருந்தேன். மெஷின்ல ஏத்தலை. நீ அழிச்சது ஒரு நாள். நான் ரெண்டு வருஷமா உட்கார்ந்து அழிச்சிருக்கேன்."

செலின் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து எல்லா வீட்டிலும் ஜெகதாம்பாளே அந்தக் கேள்வியைக் கேட்டார். மெதுவாக, எழுந்து கிளம்பும்போதுதான் கேட்பார். ஏற்கனவே போன வீடுகளுக்கும் அதற்காக மறுபடி போனார்கள். சில வீடுகளில் பெண்கள் அழுதார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பதினொரு மாதத்தில் எண்ணூற்று எழுபத்தொரு பிறப்பு கிடைத்தது. மற்றவர்கள் மாற்றலாகிப் போயிருந்தார்கள், அல்லது இறந்திருந்தார்கள். அதற்கு மேல், பழைய பிளாப்பியில் இல்லாத முப்பத்து நான்கு. இவற்றைக் கடைசியில் தனியாகப் போடலாமா என்று செலின் கேட்டாள். "வேண்டாம். தேதிப்படி எல்லாரோடயும் இருக்கட்டும்" என்றார் ஜெகதாம்பாள். இந்த முறை மூன்று பிளாப்பியில் எழுதி, ஒவ்வொன்றையும் வேறு வேறு வீட்டில் வைத்தார்கள்.

ஜெகதாம்பாள் 1994-ல் தஞ்சாவூர் பக்கம் தம்பி கட்டிய வீட்டுக்குப் போனார். பிரிண்ட் போட்ட தாள் கட்டைச் செலினிடமே விட்டுவிட்டார். ஆட்கள் இப்போது தேதி கேட்டு மாவு மில் மாடிக்கு வந்தார்கள். ஒருநாள் வானகரத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார், லைசென்ஸ் புதுப்பிக்கவாம். செலின் கட்டை இரண்டு முறை புரட்டினாள். அவர் பேர் இல்லை.

"அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"கீறாங்க."

"அப்போ ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருங்க. நான் வர்றேன்."