அம்ஹாவின் வீட்டில் ஒரு பொத்தான்

கல்முனையில் ஒரு தனியார் வைத்தியசாலையின் பில் பகுதியில் றிஸ்லா பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். நோயாளிகளின் காப்புறுதிப் படிவங்கள் அவள் மேசைக்கு வந்துதான் கொழும்புக்குப் போகும். "நிராகரிக்கப்பட்டது" என்று கடிதம் வந்தால் மற்றவர்கள் கோப்பை மூடிவிடுவார்கள். எந்த விதியின்படி என்று றிஸ்லா கேட்பாள்.

பெப்ரவரியில் அச்சிமுகம்மதுவின் படிவத்துக்கும் அப்படியொரு கடிதம் வந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் அம்ஹா கணவனோடு கட்டாரில். இதய நோயாளியான அவர் தனியாக இருக்கையில் இரண்டு முறை மயங்கி விழுந்ததால், வைத்தியர் ஓர் அவசர அழைப்புக் கருவியை எழுதிக் கொடுத்திருந்தார். கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் வைத்தியசாலையில் மணி அடிக்கும், அம்புலன்ஸ் புறப்படும். கருவிக்கு மாத வாடகை. அதைத் தருவதாக ஒப்புக்கொண்ட காப்புறுதிக் கம்பனி இப்போது மறுத்துவிட்டது. மார்ச் முடிவுக்குள் பணம் வராவிட்டால் கருவியைக் கழற்றிவிடுவார்கள்.

படிவத்தில் வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அவர் மகளின் பெயரை எழுதியிருந்தார். இன்னொருவர் வீட்டில் பொருத்திய கருவிக்குப் பணமில்லை என்றது கம்பனி.

றிஸ்லா அவரை வரச் சொன்னாள்.

"என்னத்துக்கு மாமா மகள்ட பேர எழுதினீங்க?"

"ஊடு அவள்டதானே, மகள். கலியாணத்துக்கே அவள்ட பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டன். பின்னுக்கு இருக்கிற அறையிலதான் நான் கிடக்கன்."

முகாமையாளர் சியாம் எட்டிப் பார்த்தார். "புதுப் படிவம் ஒண்டு எடுங்க றிஸ்லா. இவர்ட பேரயே போட்டு அனுப்புங்க. கொழும்பில ஆரு உறுதியத் தேடப் போறான்?"

"குடுத்த ஊட்ட என்ட ஊடு எண்டு எழுதவா சேர்?" என்றார் அச்சிமுகம்மது. "மருமகன் சிரிப்பான். இனி மாமா ஊட்டு வாடகையும் கேப்பார் எண்டுவான்."

"பொய் எழுதத் தேவல்ல," என்றாள் றிஸ்லா. "பிழை அவங்கட கேள்வியிலதான்."

இந்தக் கரையோரத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு அவள் பெயருக்குப் போகும். முஸ்லிம் வீடும் தமிழ் வீடும் இதில் ஒன்றுதான். ஒரு தகப்பனின் ஆயுள் உழைப்பை மாப்பிள்ளைக்கு விலையாக வைக்கும் ஊரை றிஸ்லா மன்னித்ததில்லை. கேட்க ஆளிருந்தால் அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவாள். ஆனால் அந்த அநியாயத்தின் மேல் இன்னொன்றை அடுக்கக் கம்பனிக்கு யார் உரிமை கொடுத்தது?

இரண்டு நாள் மதிய இடைவேளையில் பழைய கோப்புகளைக் கிளறினாள். இதே காரணத்துக்காக மறுக்கப்பட்டவர்கள் இன்னும் ஒன்பது பேர். அவர்களில் ஒருவரான பாண்டிருப்பு நல்லரெத்தினத்தின் கருவியைக் கழற்றி எட்டு மாதமாகிவிட்டது. பிறகு கம்பனியின் காப்புறுதி ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். நோயாளி நிரந்தரமாக வசிக்கும் இடத்தில் கருவி இருக்க வேண்டும் என்று மட்டுமே அது சொன்னது. உரிமை பற்றி ஒரு வரியும் இல்லை. படிவம் தயாரித்த யாரோ அந்தக் கேள்வியைத் தானாகச் சேர்த்திருக்கிறார்.

பத்துப் பேருக்கும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, ஒரே மேன்முறையீடாக அனுப்பினாள். மார்ச் நடுப்பகுதியில் கம்பனி அதிகாரி தொலைபேசியில் வந்தார்.

"மிஸ், ஒராளுக்கெண்டா பார்த்துச் செய்யலாம். ஏன் பத்துப் பேரையும் சேர்த்தீங்க?"

"ஒராளுக்குச் செஞ்சா அது உதவி சேர். நான் உதவி கேக்கல்ல. ஒப்பந்தத்தில எந்தப் பந்தியில உறுதி கேட்டிருக்கு? சொல்லுங்க, எழுதுறன்."

தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"அப்படியொரு பந்தி இல்லத்தான்."

"அப்ப அதையே கடிதமாத் தாங்க."

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில் கடிதம் வந்தது. பத்துப் பேருக்கும் அனுமதி. றிஸ்லா அச்சிமுகம்மதுவுக்கு அழைத்துச் சொன்னாள்.

"ஓம் மகள், அப்ப கழுத்திலேயே கிடக்கட்டும்," என்றார் அவர். "குளிக்கக்குள்ளயும் போடலாம்தானே?"

"குளிக்கக்குள்ளதான் கட்டாயம் போடணும்."

தொலைபேசியை வைத்துவிட்டு, கருவியை மறுபடி பொருத்த நல்லரெத்தினத்தின் வீட்டுக்கு நாளைக் காலையே ஆள் அனுப்பச் சொல்லும் தாளைச் சியாமிடம் நீட்டினாள். அவர் கையொப்பமிட்டார்.