சாவி இருக்கும் இடம்

அந்த வரியைப் பெருமையோடுதான் எழுதினேன்: ‘கல்யாணத்துக்கு மட்டுமே திறக்கும் வீடு. பார்க்க விரும்புவோர் எதிர்வீட்டு காதரிடம் சாவி வாங்கிக்கொள்ளலாம்.’

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நான், இலவசமாக இடம் தரும் தளமொன்றில் என் முதல் வெப்சைட்டைத் தொடங்கியிருந்தேன். தோழியின் கண்டனூர் வீட்டுப் படங்களோடு முகவரியையும் போட்டேன். அவள் குடும்பம் இருந்ததோ சென்னையில்.

பத்தாம் நாள், முகம் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. ‘வீடு அழகு. ஆளில்லாத வீட்டின் சாவி எங்கே என்று எனக்கே தெரிந்துவிட்டதே, திருடனுக்குத் தெரியாதா?’

பக்கத்தை அழிக்க உட்கார்ந்தேன். இணைப்பு போன் லைனில்தான். பாஸ்வேர்டை அடிப்பதற்குள் அறுந்துபோனது. மறுபடி டயல் செய்து பக்கம் பாதி திறந்தபோது, ஹாலில் அம்மா ரிசீவரை எடுத்துவிட்டாள்; இணைப்பு மறுபடி அறுந்தது.

“போனத் தொடாதம்மா!”

அவளிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. ஐந்தாம் முறைதான் பக்கம் அழிந்தது. உடனே கண்டனூருக்கு பஸ் ஏறினேன். காதர் அண்ணன் வாசலிலேயே நின்றார்.

“யாராச்சும் சாவி கேட்டு வந்தாகளாண்ணே?”

“நேத்து ரெண்டு பேரு வந்தாக. கம்ப்யூட்டர்ல நீங்க எழுதியிருக்கிறதாச் சொன்னாக. மொகந்தெரியாதவுகளுக்கு எப்புடித் தாறது? டீச்சரம்மா நேர்ல வந்து சொல்லட்டும்னு அனுப்பிட்டேன்.”

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அவர் வெட்கத்தோடு கேட்டார்: “எம்பேரு அதுல இருக்காமே? ஒருக்கா காட்டுறீகளா?”

“அது கெட்டுப்போச்சுண்ணே” என்றேன்.

வந்தவர்கள் யாரென்று இன்றும் தெரியாது. சாவி இருக்கும் இடத்தை உலகத்துக்கே காட்டியவள் நான். அதைக் காத்தவருக்கு அவர் பெயரைக்கூடக் காட்டவில்லை.