ஓஸெலின் மாம்பழ மஞ்சள் சூட்

டெட்ராய்ட்டில் லிவர்னாய் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள் நான். ஓஸெல் டார்ப்ளி என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன், நகரப் பேருந்து ஓட்டுகிறான். வாரம் முழுக்கச் சாம்பல் சீருடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தானென்றால் மாப்பிள்ளை தோற்றான்! மாம்பழ மஞ்சளில் முழங்காலைத் தொடும் கோட்டு, படபடக்கும் அகலக் கால்சட்டை. தொப்பியும் முதலைத்தோல் ஷூவும்கூட அதே மஞ்சள். எங்கள் கறுப்பின நடிகர்களும் கூடைப்பந்து வீரர்களும் டி.வி.யில் அப்படி வந்த காலம் அது. வாரமெல்லாம் எவனெவனுக்கோ தலையாட்டிய எங்கள் ஆண்கள் அந்தத் துணிக்குள் நிமிர்ந்து நடந்தார்கள்.

பிறகு எல்லாம் தலைகீழானது. வீரர்கள் உடம்போடு ஒட்டிய சூட்டில், கணுக்கால் தெரிய வந்தார்கள். பாடகர்கள் முத்துமாலை போட்டார்கள், நகத்துக்குச் சாயம் பூசினார்கள். ஓஸெல் மட்டும் மாறவில்லை. மகன் ஜவாரிஸின் பட்டமளிப்புக்கும் அந்த மஞ்சளில்தான் போனான். பையனின் கூட்டாளிகள் படம் பிடித்துச் சிரித்தார்களாம். வேலை கிடைத்து அட்லாண்டா போன ஜவாரிஸ் அதன்பின் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாயில்லாத வீடு. ஞாயிறன்று பொரித்த கோழியை ஓஸெல் புதன்வரை தனியாகத் தின்றான்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு வருவதாக ஜவாரிஸ் போன் செய்தான். ஓஸெல் கடைக்கு ஓடிவந்தான்.

"வெர்லீன், புள்ள வர்றான்! எங்கூட சர்ச்சுக்கும் வர்றானாம்!"

முடிவெட்ட வந்து நாற்காலியில் கிடந்த கிளியோபஸுக்கு வாய் சும்மா இருக்குமா? "அந்தக் கூடாரத்த மாட்டிக்கிட்டு நின்னேன்னு வையி, புள்ள ஏர்போர்ட்லேர்ந்தே திரும்பிருவான்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஓஸெலும் சிரித்தான். ஆனால் மறுநாளே தையற்கடைக்குப் போய், அந்த மஞ்சள் கோட்டை இடுப்போடு வெட்டி, கால்சட்டையையும் ஒட்டப் பிடித்துவிட்டான். பாவி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

ஈஸ்டருக்கு முந்தின நாள் அவர்களுக்கு மக்ரோனி கொண்டுபோனேன். கூடத்தில் ஜவாரிஸ் நின்றான். தொளதொளவென்று, இரண்டு பேர் நுழையக்கூடிய கால்சட்டை! பிரபலங்களெல்லாம் மறுபடி அகலத்துக்குத் திரும்பிவிட்டது ஓஸெலுக்கு எங்கே தெரியும்?

"அப்பா, அந்த மஞ்சள் சூட் எங்க? நாளைக்கு நான் போட்டுக்கறேன். இப்ப அதுக்கு எவ்ளோ மவுசு தெரியுமா? ஃப்ரெண்ட்ஸ்கிட்டல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஓஸெல் உள்ளே போய் எடுத்துவந்தான். ஜவாரிஸ் விரித்துப் பார்த்தான்.

"என்னப்பா இப்பிடிப் பண்ணி வச்சிருக்க?"

"உனக்கு வெக்கமா இருக்கக் கூடாதேன்னுதான்டா..."

பையன் சூட்டை சோபாவில் போட்டுவிட்டு போனை நோண்ட ஆரம்பித்தான்.

மறுநாள் தலைவலி என்று படுத்துக்கொண்டான். சர்ச்சில் ஓஸெல், ஒட்டிய சூட்டில் உட்காரவும் முடியாமல், பக்கத்து இடத்தைத் தொப்பி வைத்துப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தான். பாட்டு முடிந்தது, பிரசங்கமும் முடிந்தது. யாரும் வரவில்லை. சாயங்கால விமானத்தில் ஜவாரிஸ் போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு அறை அறைந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை ஓஸெல் கடைக்கு வந்தான். முடி வெட்டி முடித்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"வெர்லீன், நீ டி.வி.யெல்லாம் பாக்கறவ. இந்த ஒட்டுன துணிக்குத் திரும்ப எப்ப மவுசு வரும்?"

அவன் தோளில் கிடந்த முடியைத் தட்டிவிட்டேன். "வந்துரும்டா, சீக்கிரமே வந்துரும்," என்றேன்.

"அப்ப பத்திரமா எடுத்து வைக்கிறேன். புள்ள கேட்டு வருவான்."